கென்யாவில் வீட்டுக் கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நைரோபியில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து பேசுகிறவர்கள், இங்கே புதிதாக வேலைக்கு வந்தவர்கள், வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் வீட்டுக் கடனைப் பற்றி ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பதில் என்று எதுவும் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரிந்த கென்யாவை வைத்தே பேசுகிறேன். தேவைப்படும் இடத்தில் மட்டும் மொராக்கோ, ருவாண்டா, நைஜீரியா, எத்தியோப்பியா பக்கம் போய் வருகிறேன். தொகைகள் எல்லாம் கென்ய ஷில்லிங்கில். ஒரு ஷில்லிங் இந்திய ரூபாயில் 65, 70 பைசாவை ஒட்டி வரும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அங்கெல்லாம் வீட்டுக் கடன்னு ஒண்ணு இருக்கா?

இருக்கிறது, ஆனால் மிகச் சிலருக்குத்தான். கென்யா மத்திய வங்கியின் கணக்குப்படி 2023 முடிவில் நாடு முழுக்க இருந்த வீட்டு அடமானக் கடன்கள் ஏறத்தாழ 30,000. ஐந்து கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடு இது. 2019-இல் 28,000-ஐ ஒட்டி இருந்த எண்ணிக்கை அடுத்த இரண்டு வருடம் குறைந்து, பிறகு மெல்ல ஏறியிருக்கிறது.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கடனின் சராசரித் தொகை 90 இலட்சம் ஷில்லிங்கை ஒட்டி இருக்கிறது. இதைப் பார்த்தாலே யார் வாங்குகிறார்கள் என்பது புரிந்துவிடும். பெரிய கம்பெனி அதிகாரி, நல்ல வருமானமுள்ள வக்கீல், வங்கியிலேயே வேலை பார்த்துச் சலுகை வட்டியில் வாங்குபவர், இவர்கள்தான். பள்ளி ஆசிரியரும் செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் இந்த 30,000-க்குள் வருவது அபூர்வம்.

அப்ப மத்தவங்க எல்லாம் எங்கதான் இருக்காங்க?

2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் பத்துக் குடும்பங்களில் ஆறு சொந்த வீட்டில் இருப்பதாகத்தான் வந்தது. கேட்டவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கிராமத்தில், பரம்பரை நிலத்தில், கையிலிருந்த காசைப் போட்டுக் கட்டிய வீடுகள். நைரோபிக்குள் வந்தால் கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது குடும்பம் வாடகையில் இருக்கிறது.

நகரத்தில் வாடகையில் இருந்துகொண்டே புறநகரில் வீடு கட்டுகிறவர்கள் ஏராளம். ரூய்ரு, ஜூஜா, கிட்டெங்கெலா பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ‘50-க்கு 100’ என்பார்கள். 50 அடி அகலம், 100 அடி நீளம், ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. அந்த மனையில் ஒரு மூலையில் அறுத்த கல் அடுக்கியிருக்கும். அடுக்கின் அடிவரிசையில் பாசி பிடித்திருந்தால் அது போன வருடம் வாங்கியது, மேல்வரிசை இந்த வருடம் வாங்கியது. போனஸ் வந்த மாதம் அஸ்திவாரம். மகன் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வருடம் வேலை நிற்கும். இரண்டு அறை முடிந்ததும் மேலே மபாட்டி, அதாவது நெளித்தகரம், போட்டுக் குடிவந்துவிடுவார்கள். அடுத்த மாடிக்கென்று விட்ட கம்பிகள் கூரைக்கு மேலே துருப்பிடித்து நிற்கும். இப்படி ஒரு வீடு முடிய எட்டு, பத்து வருடம் ஆகும். கடன் இல்லை, வட்டி இல்லை; ஆனால் அத்தனை வருடமும் வாடகையும் கட்டுகிறார், கட்டுமானத்துக்கும் போடுகிறார்.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இங்கேதான் வந்து நிற்கும்.

வட்டி ஏன் இவ்வளவு அதிகம்? வங்கிக்காரங்க பேராசையா?

பேராசை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஒரு வங்கி அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். 2024 பிப்ரவரியில் கென்ய அரசு எட்டரை வருட உள்கட்டமைப்புக் கடன்பத்திரம் வெளியிட்டது. வட்டி 18.46 சதவீதம், வருமான வரியும் கிடையாது. அதே மாதம் மத்திய வங்கியின் அடிப்படை விகிதம், அதாவது மற்ற வட்டிகளுக்கெல்லாம் அளவுகோலாக அது வைக்கும் வட்டி, 13 சதவீதம். அரசாங்கத்துக்குக் கொடுத்தால் உட்கார்ந்த இடத்தில் 18 கிடைக்கிறது. வீடு வாங்க ஒருவருக்குக் கொடுத்தால் மதிப்பீட்டாளர், வக்கீல், நிலப்பதிவு அலுவலகம் என்று அலைய வேண்டும், தவணை வராவிட்டால் வழக்கு நடத்த வேண்டும். அவர் 14 சதவீதத்துக்குக் கொடுத்தாலே பெரிது.

அந்த உச்சத்துக்குப் பிறகு மத்திய வங்கி விகிதத்தைப் படிப்படியாக இறக்கியிருக்கிறது. ஆனாலும் அரசே பெரிய கடன்காரனாகச் சந்தையில் நிற்கும் வரைக்கும் வீட்டுக் கடன் வரிசையில் கடைசியில்தான் நிற்கும்.

வட்டி 14-ஆ இருந்தா என்ன, 9.5-ஆ இருந்தா என்ன? நாலரை சதவீதம்தானே?

9.5 எங்கிருந்து வந்தது என்பது கீழே கே.எம்.ஆர்.சி. பற்றிய பதிலில் வருகிறது. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 40 இலட்சம் ஷில்லிங் கடன், 20 வருடம். 14 சதவீதமானால் மாதத் தவணை 49,741. 9.5 சதவீதமானால் 37,285. மாதம் 12,000 ஷில்லிங்குக்கு மேல் வித்தியாசம். 20 வருடத்தில் இது கிட்டத்தட்ட 30 இலட்சம்.

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு தவணைக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டால் 14 சதவீதத்துக்கு மாதம் ஒன்றரை இலட்சம் சம்பாதிப்பவர் வேண்டும். 9.5-க்கு ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் போதும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் இருக்கின்றன என்பதுதான் விஷயமே.

மனதை உறுத்தும் கணக்கு ஒன்று உண்டு. அதே 14 சதவீதக் கடனில் ஐந்து வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவர் மொத்தம் 29 இலட்சத்து 84 ஆயிரம் கட்டியிருப்பார். அசலில் குறைந்திருப்பது 2 இலட்சத்து 65 ஆயிரம் மட்டுமே. மீதியெல்லாம் வட்டி. ஆறாவது வருடம் வேலை போனால் அவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “இவங்களுக்குக் கடன் வாங்கப் பயம்” என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

சட்டம் போட்டு வட்டியை நிறுத்தி வைக்கலாமே அண்ணா?

செய்து பார்த்தார்கள். 2016 செப்டம்பரிலிருந்து வங்கிகள் மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அன்றைய கணக்கில் உச்சவரம்பு 14.5 சதவீதம்; மத்திய வங்கி விகிதம் குறைந்ததும் அந்த மாதமே 14 ஆனது.

என்ன நடந்தது? “இந்த வட்டிக்கு இவருக்குக் கொடுப்பது ஆபத்து” என்று வங்கிகள் கருதியவர்களுக்குக் கடனே கொடுப்பதை நிறுத்தின. சிறு வியாபாரிகள்தான் முதலில் அடிபட்டார்கள். பணம் அரசுக் கடன்பத்திரங்களுக்குப் போனது. 2019 நவம்பரில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வட்டியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் தவறென்று நான் சொல்ல மாட்டேன். வங்கிக்கே பணம் மலிவாகக் கிடைக்க வழி செய்யாமல் விற்கிற விலையை மட்டும் பிடித்து வைத்தால் சரக்கு கடையிலிருந்து மறைந்துவிடும், அவ்வளவுதான்.

கே.எம்.ஆர்.சி.-னு சொல்றாங்களே, அவங்ககிட்ட நேரா போய்க் கடன் வாங்கலாமா?

வாங்க முடியாது. கே.எம்.ஆர்.சி., அதாவது கென்யா அடமான மறுநிதி நிறுவனம், வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம். 2018-இல் பதிவு செய்யப்பட்டு, 2020 செப்டம்பரில் மத்திய வங்கியிடம் உரிமம் பெற்றது. அரசு கருவூலம், சில வங்கிகள், ‘சாக்கோ’ என்று இங்கே அழைக்கப்படும் சேமிப்பு–கடன் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் இதில் பங்குதாரர்கள்.

இது எதற்கு என்றால், வங்கியில் கிடக்கும் பணம் நம்முடையது. மூன்று மாதம், ஆறு மாதம், அதிகம் போனால் ஒரு வருட வைப்பு. நாளைக்கே நாம் எடுத்துவிடலாம். அதை எடுத்து 20 வருடக் கடனாகக் கொடுக்க எந்த வங்கிக்கும் கை நடுங்கும். மறுநிதி நிறுவனம் வங்கி ஏற்கெனவே கொடுத்த வீட்டுக் கடன்களை ஈடாக வைத்துக்கொண்டு நீண்ட காலப் பணத்தைக் கொடுக்கிறது. கே.எம்.ஆர்.சி. 5 சதவீத நிலையான வட்டிக்குக் கொடுத்தது. வங்கியும் சாக்கோவும் அதைச் சுமார் 9.5 சதவீதத்துக்கு மக்களுக்குக் கொடுத்தன. தொடங்கும்போது மாத வருமானம் ஒன்றரை இலட்சம் ஷில்லிங்குக்குள் இருக்க வேண்டும், கடன் நைரோபி வட்டாரத்தில் 40 இலட்சத்துக்குள், வெளியே 30 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள்.

யோசனை புதிதில்லை. மலேசியாவில் 1986-இல் தொடங்கிய சகாமாஸ் என்ற நிறுவனம் இதைத்தான் செய்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியா 2010-இலும் நைஜீரியா 2013-இலும் இதே போன்ற நிறுவனங்களைத் தொடங்கின. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரே நாணயம் பயன்படுத்தும் எட்டு நாடுகளுக்கும் சேர்த்து டோகோவின் லோமேயில் ஒன்று இருக்கிறது.

அந்த 5 சதவீதப் பணம் எங்கேருந்து வருது? அது தீர்ந்துபோனா?

மிகச் சரியான கேள்வி. கென்ய அரசு 2019-இல் உலக வங்கியிடம் 25 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தது. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர். இவை சலுகைப் பணம். ஒருநாள் தீரத்தான் போகிறது.

அதற்காகத்தான் 2022-இல் கே.எம்.ஆர்.சி. முதல்முறையாக உள்ளூர்ச் சந்தையில் கடன்பத்திரம் வெளியிட்டது. கேட்டது 140 கோடி ஷில்லிங். வந்த விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு. ஓய்வூதிய நிதிகள் நீண்ட காலத்துக்குப் பணம் போட இடம் தேடிக்கொண்டிருக்கின்றன என்பது இதில் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்திரத்தின் வட்டி 12.5 சதவீதம். 12.5-க்கு வாங்கிய பணத்தை யாரும் 5-க்குக் கொடுக்க முடியாது. சலுகைப் பணத்தோடு கலந்து கொடுத்தால் கொஞ்ச காலம் சமாளிக்கலாம். கடைசியில் மேலே சொன்ன அரசுப் பத்திர வட்டி இறங்கினால்தான் இதுவும் இறங்கும். மறுநிதி நிறுவனத்தால் கடனை நீளமாக்க முடியும், தானாக மலிவாக்க முடியாது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘ஒற்றை இலக்க வட்டி’ என்று மட்டும் விளம்பரம் செய்வது மக்களை ஏமாற்றுவதில் போய் முடியும்.

டாலர்ல கடன் வாங்கினா வட்டி குறைவுதானே? அதையே மக்களுக்குக் கொடுக்கலாமே?

ஷில்லிங்கில் சம்பளம் வாங்குகிறவர் டாலரில் கடன் வாங்கக் கூடவே கூடாது. 2020 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 100 ஷில்லிங். 2024 ஜனவரியில் 160. சம்பளம் அப்படியே இருக்க, தவணை மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். பிறகு ஷில்லிங் 130-ஐ ஒட்டித் திரும்பியது என்றாலும் அதற்குள் வீடு ஏலத்துக்குப் போயிருக்கும். நாணய ஆபத்தை அரசோ நிறுவனமோ சுமக்கலாம். குடும்பத்தின் தலையில் ஏற்றக் கூடாது.

சம்பளச் சீட்டு இல்லாதவங்க என்ன பண்றது? அவங்கதானே அதிகம்?

ஆமாம். கென்யாவில் வேலை செய்கிறவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அமைப்புசாராத் தொழிலில்தான் இருக்கிறார்கள். இதற்கு இங்கே ‘ஜுவா காலி’ என்று பெயர். சுட்டெரிக்கும் வெயில் என்று அர்த்தம்; வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள்.

எங்கள் குடியிருப்பு வாசலில் கீரையும் தக்காளியும் விற்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஓரம் மடங்கிய ஒரு பள்ளிக்கூட நோட்டு உண்டு. அவருடைய ‘சாமா’வின் கணக்கு அது. சாமா என்பது நம் ஊர்ச் சீட்டும் மகளிர் குழுவும் கலந்த மாதிரி. பன்னிரண்டு பெண்கள், திங்கட்கிழமைதோறும் ஆளுக்கு 500 ஷில்லிங், வாரம் ஒருவருக்கு முழுத் தொகை. நோட்டில் பெயர்கள் இடப்பக்கம், தேதிகள் மேலே, கட்டியதற்கு அடையாளமாகச் சிவப்புப் பேனாவில் ‘சரி’ குறி. மூன்று வருடமாக அவர் வரிசையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எனக்குத் தெரிந்த எந்தச் சம்பளக்காரரின் கடன் வரலாற்றையும்விட இது சுத்தமாக இருக்கிறது. ஆனால் வங்கி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே ‘முதலாளியின் பெயர்’ என்று ஒரு கட்டம். அதில் அவர் என்ன எழுதுவார்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மொராக்கோ 2004-இல் ஃபோகாரிம் என்ற உத்தரவாத நிதியைத் தொடங்கியது. நிலையான வருமானச் சான்று இல்லாதவர்களுக்கு வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனில் 70 சதவீதம் வரை அரசு உத்தரவாதம் தந்தது. வங்கியின் பயத்தில் பெரும்பங்கை அரசு வாங்கிக்கொண்டது. கென்யாவில் 2007 முதல் இருக்கும் எம்-பெசா கைபேசிப் பணத்தின் வரவு செலவுப் பட்டியலே பலருக்கு ஒரு சம்பளச் சீட்டு மாதிரி. சாக்கோக்கள் உறுப்பினரின் சேமிப்பைப் போல மூன்று மடங்குவரை, சக உறுப்பினர்களின் ஜாமீனில், காலங்காலமாகக் கடன் கொடுத்து வருகின்றன. புறநகர் மனைகளில் பாதி அந்தப் பணத்தில் வாங்கியவைதான் என்பது என் ஊகம். அதனால்தான் மறுநிதி நிறுவனத்தில் சாக்கோக்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்ததை இந்தத் திட்டத்தின் மிக நல்ல முடிவாக நான் நினைக்கிறேன்.

நிலத்துக்குப் பத்திரம் இருந்தா போதும், கடன் தானா வந்துடும்னு படிச்சேனே?

பத்திரம் இல்லாமல் அடமானம் இல்லை, அது உண்மை. நைரோபி புறநகரில் காலி மனைகளின் சுவர்களில் ‘இந்த நிலம் விற்பனைக்கு அல்ல’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். உரிமையாளர் அறியாமல் அவர் நிலத்தையே இன்னொருவருக்கு விற்கும் ஏமாற்று அவ்வளவு சகஜம். 2021-இல் அர்தி சாசா என்ற இணையவழி நிலப்பதிவு முறையை நைரோபியில் தொடங்கினார்கள். வேலை இன்னும் நிறைய பாக்கி.

ருவாண்டா இதில் பெரிய சாதனை செய்தது. 2009 முதல் சில வருடங்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனைகளை அளந்து பதிவு செய்தார்கள், மனைவியர் பெயரும் சேர்த்து. ஆனால் பத்திரம் கிடைத்த எல்லாரும் மறுநாள் வீட்டுக் கடன் வாங்கிவிடவில்லை. வருமானமும் வட்டியும் இடிக்கிறபோது பத்திரம் மட்டும் என்ன செய்யும்? வேறு ஒரு பலன் உண்டு: யாரும் பிடுங்க முடியாது என்று தெரிந்தால் ஆள் தைரியமாகக் கல் வாங்கிப் போடுவார்.

தவணை கட்ட முடியலைன்னா உடனே ஏலமா?

உடனே இல்லை. 2012 நிலச் சட்டப்படி முதலில் மூன்று மாத அவகாசம் தந்து நோட்டீஸ். அப்புறம் விற்கப் போகிறோம் என்று 40 நாள் நோட்டீஸ். அதற்குப் பிறகு ஏலக்காரர் தரப்பில் 45 நாள். ஏலத்துக்கு முன் வங்கி புதிதாக மதிப்பீடு எடுத்தாக வேண்டும். சந்தை மதிப்பில் 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து விற்றால் வங்கி தன் கடமையைச் செய்யவில்லை என்றே சட்டம் கருதும்.

குடும்பம் வாழும் வீட்டை அடமானம் வைக்கக் கணவன், மனைவி இருவரின் ஒப்புதலும் வேண்டும். இதை வெறும் சடங்காக நினைத்து கையெழுத்துப் போடாதீர்கள். தவணை தவறும் என்று தெரிந்த மாதமே எழுத்தில் வங்கிக்குச் சொல்லி, காலத்தை நீட்டக் கேளுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு பேசுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டு விலை தவிர வேற என்ன செலவு வரும்?

முத்திரைத் தீர்வை நகரப் பகுதியில் 4 சதவீதம், கிராமப் பகுதியில் 2 சதவீதம். மலிவு வீட்டுத் திட்டத்தில் முதல் வீடு வாங்குபவருக்கு விலக்கு உண்டு. அதோடு வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், காப்பீடு, வங்கியின் செயலாக்கக் கட்டணம். முன்பணத்துக்கு மட்டும் சேர்த்துவிட்டு இதை மறந்தவர்கள் கடைசி நேரத்தில் கைமாற்று வாங்க அலைவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறை அறையா கட்டறவங்களுக்கு முழு வீட்டுக் கடன் எதுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு கொத்தனார். என் மனதில் இருந்ததை அவர் வாயால் சொன்னார். முதலில் விவரித்த அந்த மனைக்காரருக்கு 40 இலட்சம் தேவையில்லை. இந்த வருடம் கூரைக்கு 2 இலட்சம் வேண்டும், அடுத்த வருடம் தண்ணீர்த் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் கொஞ்சம் வேண்டும். இதற்கென்றே சிறு வீட்டுக் கடன்கள் உண்டு. ஒன்று முதல் மூன்று வருடம், பெரும்பாலும் நில அடமானம் இல்லாமல், குழு ஜாமீனில்.

வட்டி விகிதம் அடமானக் கடனைவிட அதிகம். ஆனால் தொகையும் காலமும் சின்னது. உதாரணத்துக்கு 24 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 இலட்சம், 2 வருடம்: மாதம் 10,574, மொத்த வட்டி சுமார் 54,000. கூரை போட்டுக் குடிவந்த மாதமே வாடகை நின்றுவிடும். பல குடும்பங்களுக்கு அந்த வாடகைப் பணமே தவணையில் பெரும்பங்கை அடைத்துவிடும். வேலை போனாலும் நிலம் கையை விட்டுப் போகாது. என்னைக் கேட்டால், உலக வங்கிப் பணத்தில் ஒரு பகுதி இந்தக் கடன்களுக்குப் போயிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கடனோடு கூடவே பொறியாளரின் கண்ணும் வேண்டும். 2016 ஏப்ரலில் நைரோபியின் ஹுருமா பகுதியில் ஒரு வாடகைக் குடியிருப்பு மழையில் இடிந்து சுமார் 50 பேர் இறந்தார்கள். மேலே மேலே ஏற்றிக் கட்டும்போது அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்தாக வேண்டும்.

என் சம்பளத்துல 1.5 சதவீதம் வீட்டுக்குன்னு பிடிக்கிறாங்க. எனக்கு வீடு தருவாங்களா?

பிடித்தம் கட்டுகிறீர்கள் என்பதற்காக மட்டும் கிடைக்காது. 2023 நிதிச் சட்டத்தில் வந்த இந்த வீட்டுவசதித் தீர்வையை உயர்நீதிமன்றம் அந்த நவம்பரில் அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2024 மார்ச்சில் தனிச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். தொழிலாளியிடம் 1.5, முதலாளியிடம் 1.5. பணம் பொது நிதிக்குப் போய் வீடுகள் கட்டப்படுகின்றன. வீடு வேண்டுமென்றால் போமா யாங்கு என்ற அரசு இணையதளத்தில் தனியாகப் பதிந்து, தனியாகச் சேமித்து, ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

நைஜீரியாவில் 1992 முதல் இப்படி 2.5 சதவீதம் பிடிக்கும் தேசிய வீட்டு நிதி இருக்கிறது. 6 சதவீத வட்டியில் கடன் என்பது வாக்குறுதி. வருடக்கணக்கில் கட்டியவர்களில் கடன் பெற்றவர்கள் சிறு பகுதிதான். எத்தியோப்பியாவில் 2005-இலிருந்து அரசே அடுக்குமாடி கட்டிக் குலுக்கலில் கொடுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல வீடு பெற்றார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் குலுக்கலில் ஜெயித்த ஏழைகள் பலர் தவணை கட்ட முடியாமல் அதை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். பிடித்தம் கட்டுகிறவர் கேட்டு வாங்க வேண்டியது, எத்தனை வீடு, யாருக்கு, எந்த விலைக்கு என்ற கணக்கை.

நான் இந்தியக் கடவுச்சீட்டுல இங்க வேலை பார்க்கிறேன். வீடு வாங்கலாமா சார்?

வாங்கலாம். ஆனால் 2010 அரசியலமைப்பின்படி குடிமகன் அல்லாதவருக்குக் குத்தகை உரிமைதான், அதுவும் 99 வருடத்துக்கு மேல் போகாது. அடுக்குமாடி வீட்டுக்கு இதனால் பெரிய சிக்கல் இல்லை. குத்தகையில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள்.

கடன் சுலபமா கிடைச்சா வீட்டு விலை ஏறிடாதா? அப்ப யாருக்கு லாபம்?

வீடுகள் கூடாமல் கடன் மட்டும் கூடினால் ஏறும். கென்யாவில் வருடத்துக்குத் தேவைப்படும் வீடுகளில் ஒரு சிறு பகுதிதான் முறையாகக் கட்டப்படுகிறது, அதிலும் பெரும்பாலானவை வசதியானவர்களுக்கு. காரணம் கட்டுகிறவரின் மனம் மட்டும் இல்லை. புறநகரில் அவரே ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார், கழிவுநீர்த் தொட்டி கட்டுகிறார், பெரிய சாலை வரைக்கும் பாதை போடுகிறார். அந்தச் செலவெல்லாம் வீட்டு விலையில் ஏறிவிடுகிறது.

முன்னே சொன்ன 40 இலட்ச வரம்புக்கு நடந்ததும் இதுதான். நைரோபியில் அந்த விலைக்கு வீடு கிடைப்பது அரிதாக இருந்தது. பிறகு வரம்பை உயர்த்தினார்கள். 60 இலட்சம் கடனுக்கு அதே 9.5 சதவீதத்தில் மாதத் தவணை 55,900 ஷில்லிங். முதலில் யாருக்காக என்று தொடங்கினார்களோ அந்த ஆசிரியரும் செவிலியரும் மறுபடி வெளியே போய்விட்டார்கள். வரம்பை ஏற்றுவதற்கு முன்னால் ரூய்ருவிலும் கிட்டெங்கெலாவிலும் கவுண்டி அரசுகள் (நம் ஊர் மாவட்ட அளவிலான உள்ளாட்சி மாதிரி) குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போட்டிருந்தால், அதே 40 இலட்சத்துக்குள் கட்டித் தர ஆள் வந்திருப்பார்கள்.